வால்வு திறந்ததும் வரும் முதல் தண்ணீர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். நான் படித்தது நான்காம் வகுப்பு வரை, அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்துகளை அம்மா, பலசரக்கு மடித்து வந்த காகிதங்களை விரித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். என் மகள் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஆபீஸில் எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தியபோது பேசச் சொன்னார்கள். எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கூட்டம் முடிந்ததும், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது குழாய் பழுது பார்த்தால் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியே ஆக வேண்டும், காலியாக விடக் கூடாது என்று புதிய உத்தரவு வந்திருக்கிறது. “காரணம் தெரியலேன்னா என்ன மணியேட்டா எழுதறது? பேசத்தான் மாட்டீங்க, எழுதியாவது தாங்க” என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் எறணாகுளத்துக்கு எதிர்க்கரையான மட்டாஞ்சேரியில் குடிநீர்க் குழாய் வேலை பார்த்தவன். குழி தோண்டும் கூலியாகச் சேர்ந்தேன், பிறகு நிரந்தரமானேன், பிறகு வால்வு திறக்கிற வேலைக்கு வந்தேன். தோளில் இரும்புச் சாவியைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாகப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, நேரம் ஆனதும் மூட வேண்டும். பழகப் பழக வந்த வேலைதான், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலையை உண்மையில் நான் புரிந்துகொண்டது தொண்ணூறுகளின் நடுவில், ராதாமணி மேடம் ஓவர்சியராக வந்த பிறகு.

மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடை ஒன்று கையில் இருக்கும். குழி வெட்டும் இடத்தில் குடையை விரித்துக்கொண்டு நிற்பார். நாம் ஏதாவது சொன்னால் உடனே ஒரு கேள்வி கேட்பார்: “எங்ஙனெ அறிஞ்ஞு?” எப்படித் தெரியும் என்று அர்த்தம். கோபமாகக் கேட்க மாட்டார். மருந்துக்கடைக்காரர் எத்தனை மாத்திரை வேண்டும் என்று கேட்பது போலக் கேட்பார்.

முதலில் மாட்டிக்கொண்டவன் பாஸ்கரன். அவன் என் கூட்டாளி, வாய் முந்திக்கொள்கிறவன். அரண்மனை ரோட்டில் ஓரிடத்தில் மண் ஈரமாக இருந்தது. கீழே குழாய் கசிகிறது, சத்தியம் என்றான். தோண்டினோம். குழாய் காய்ந்த எலும்பு போலக் கிடந்தது. மேடம் குடையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். ஈரத்தைக் கண்டேன் என்றான் பாஸ்கரன்.

“நீ கண்டது ஈரம். கசிவு உனக்குத் தோணினது. ரெண்டையும் ஒரே வார்த்தையில சொன்னா, நான் எதை நம்பி ரோட்டை வெட்டறது?” என்றார் மேடம். எங்களோடு பேசும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

தினமும் காலையில் ஒரு மீன்காரர் அந்த இடத்தில் ஐஸ் பெட்டியை இறக்கி வைப்பது பிறகு தெரிந்தது. பாஸ்கரனுக்கு அன்று முதல் ‘ஐஸ் பெட்டி’ என்று பெயர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு அடையாளம் போட்டுத்தான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தால் ‘கண்டது’. இன்னொருவர் சொல்லி அறிந்தால் ‘கேட்டது’, யார் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனதில் படுவதற்குப் பெயர் ‘தோணினது’. தோணினதை மேடம் இளக்காரமாக நினைத்ததில்லை. தோணாவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியாது என்பார். ஆனால் தோணினது கண்டதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது, அவ்வளவுதான்.

நான்காவது ஒரு விஷயமும் உண்டு. அதுதான் பழகுவதற்குக் கடினம். ஒன்றைத் தேடிப் பார்த்து அகப்படவில்லை என்றால் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. ‘இந்த இடத்தில், இந்த நேரத்தில் பார்த்தேன், காணவில்லை’ என்று சொல்ல வேண்டும். இது வெறும் வாய்ஜாலம் என்று பாஸ்கரன் முணுமுணுப்பான். எனக்கோ இது பெரிய உதவியாக இருந்தது. பேசக் கூச்சப்படுகிறவனுக்கு எதுவரை பேசலாம் என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்தது போல. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரை எனக்குப் பயம் இல்லை.

அந்தக் கோட்டில் நிற்பது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தது செல்லம்மா அக்காவின் விஷயத்தில்தான்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்கு அப்பால், கயிறு கோடவுனை ஒட்டி ஒரு சந்து. இரண்டு பக்கமும் வீடுகள். வலப்பக்க வீடுகளின் வாசலோரம் சாக்கடை, அதன் மேல் கற்பலகை. அந்தப் பக்கத்தில் செல்லம்மா அக்காவின் சாயாக்கடை. அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் இறந்த பிறகு வீட்டின் முன்னறையையே கடையாக்கியிருந்தார். ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, கண்ணாடி டம்ளர்கள், பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீர் ஒரு பானை நிறைய. சுமை தூக்குகிறவர்களும் கோடவுன் ஆட்களும் நாங்களும் அங்கேதான் குடிப்போம்.

ஒரு மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்தச் சந்தில் மஞ்சள் காமாலை வந்தது. வீட்டுக்கு வீடு கண் மஞ்சளானது. வர்கீஸ் சேட்டன் என்று சுமை தூக்குகிற ஒரு சுமட்டுத் தொழிலாளி, கடைக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். அவருடைய மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கும் வந்துவிட்டது. கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் ஆபத்து என்று எறணாகுளம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

நோய் வந்தவர்கள் எல்லோரும் அக்கா கடையில் குடித்தவர்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மைதான். நோய் வராதவர்களும் அங்கேதான் குடித்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. டம்ளரை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறாள் என்றார்கள். அதையும் நான் கண்டிருக்கிறேன். சுகாதாரத்துறை ஆட்கள் ஒரு முற்பகலில் வந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்தார்கள். நானும் சோதித்தேன். சோதனை எளிதுதான். கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து, மருந்து சில சொட்டு விட்டால், தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். சாக்கடை கலந்திருந்தால் குளோரினை அது தின்றுவிடும், நிறம் வராது. எங்களுக்கு நல்ல மஞ்சள் வந்தது. குழாய்த் தண்ணீர் சுத்தம், அப்படியென்றால் சாயாக்கடைதான் என்று சந்து முடிவு கட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். அடுப்பு அணைந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

“மணி, எல்லாரும் என் கடையச் சொல்றாங்க. என் வீட்டுக் குழாயையும் பாரு. நல்ல தண்ணின்னு நாலு பேர் முன்னால நீ ஒரு வார்த்த சொல்லு. சர்க்கார் ஆளு சொன்னா கேப்பாங்க.”

மறுநாள் காலையில் பார்க்கிறேன் என்றேன். மேடத்திடம் சொன்னபோது, இதுவரை என்ன நேரத்தில் சோதித்தாய் என்று கேட்டார். முற்பகலில், குழாய் நிறைந்து ஓடும்போது என்றேன்.

“வால்வு திறந்ததும் வருமே முதல் தண்ணி, அதைக் கண்டோ?”

காணவில்லை. அந்தத் தண்ணீரை யாரும் சோதித்ததில்லை. எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் பகுதியில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வால்வை மூடினால் குழாய் காலியாகும். காலியாகும் குழாய், உறிஞ்சுகிற வாய் மாதிரி. ஓட்டை இருந்தால் வெளியே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி திறந்ததும் அதுதான் முதலில் வீட்டுக்குள் வரும். வால்வு திறக்கும்போது முதலில் காற்று சீறும், பிறகு கலங்கல் வரும் என்று எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். அதைக் கண்டுகொண்டேதான் இருந்தேன், ஆனால் அதிலிருந்து எனக்கு ஒன்றும் தோணவில்லை.

விடிந்ததும் பாஸ்கரனை வால்வில் நிறுத்திவிட்டு, அக்கா வீட்டுக் குழாயடியில் குழலோடு நின்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்க வர்கீஸ் சேட்டனும் வேறு சிலரும் வாசலில் நின்றார்கள். காற்று சீறியது. முதல் தண்ணீரைப் பிடித்தேன், மருந்து விட்டேன், காத்திருந்தேன். மஞ்சள் வரவில்லை. இன்னொரு குழலில் பிடித்தேன். வரவில்லை.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். அவர் எதற்காக என்னை அழைத்தார் என்று எனக்குத் தெரியும். குழலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மருந்து பழசு என்று சொல்லிப் போய்விடலாம்.

“மஞ்ச வரல,” என்றேன். “அதை நான் கண்டேன். ஏன்னு இன்னும் காணல.”

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை; கெட்டது அக்கா வீட்டுத் தண்ணீர் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பெஞ்சைத் தூக்கித் தெருவில் போட்டார். இனி அடுப்பு பற்றவைத்தால் நாங்கள் அணைப்போம் என்றார் இன்னொருவர். அக்கா யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: “நல்லாப் பாத்துச் சொன்ன தம்பி.” பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். மேடமோ மேலதிகாரிகளோ திட்டினால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

ஆபீஸுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மேடம் கேட்டுவிட்டு, குடையின் நுனியால் தரையில் அந்தச் சந்தின் படத்தை வரைந்தார். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரிலும் குளோரின் தானாகப் போயிருக்கலாம், அப்படியானால் சந்தில் எந்த வீட்டிலும் மஞ்சள் வராது, அழுக்கு கலந்திருந்தால் சில வீட்டில் மட்டும் வராது என்றார். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரே விடியலில் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். நான் சொன்னது தப்பில்லை, ஆனால் பாதி. பாதி கண்டதைப் பாதியில் விடக் கூடாது, முழுதும் பார்த்து முடி என்றார்.

சந்துக்காரர்கள் குழலைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டிலும் மஞ்சள் வரவில்லை என்று எங்கள் மீதும் பழி போடுவாயா என்றார்கள். வர்கீஸ் சேட்டன் சம்மதித்தால் மற்றவர்களும் சம்மதிப்பார்கள். அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். படகில் போகும்போது வெலிங்டன் தீவைத் தாண்டும் வரை என்ன பேசுவது என்று யோசித்தேன். மனதில் எதுவும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார். “எனிக்கு ஒந்நும் காணண்ட மணீ. எனிக்கு என்டெ மோள் மதி.” எதையும் பார்க்க வேண்டாம், மகள் பிழைத்தால் போதும் என்கிறார்.

“கடையப் பூட்டியாச்சு சேட்டா,” என்றேன். “ஆனா மோளோட அம்மா, நம்ம சேச்சி, இன்னைக்குக் காலையிலயும் உங்க வீட்டுக் குழாயிலதான் குடம் நிறைச்சாங்க. அதை நான் கண்டேன். அந்தத் தண்ணி எப்படீன்னு நீங்களும் காணல, நானும் காணல.”

அவர் எழுந்து போய், உள்ளே இருந்த மனைவியிடம் நாளை மணி வருவான், குழாயைத் திறந்து கொடு என்று சொன்னார். என் வாழ்க்கையில் நான் பேசி ஒருவர் மனம் மாறியது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடியலில் எல்லா வீட்டிலும் பிடித்தோம். இடப்பக்க வீடுகளில் முதல் தண்ணீரே மஞ்சளானது. வலப்பக்கத்தில் கோடவுனிலிருந்து அக்கா கடை வரை எந்த வீட்டிலும் நிறம் வரவில்லை. வர்கீஸ் சேட்டன் வீட்டிலும் வரவில்லை. சாக்கடை ஓடுவது அந்தப் பக்கம். இப்போது எங்கள் எல்லோருக்கும் ஒன்று தோணியது. ஆனால் குழாய் எந்த இடத்தில் ஓட்டை, சாக்கடைதான் உள்ளே போகிறதா என்பதைக் காண வேண்டும். சாக்கடையில் சாயம் கலந்து, அது குழாயில் வருகிறதா என்று பார்க்கலாம் என்றார் மேடம்.

இங்கே ஒரு கோமாளித்தனம் நடந்தது. ஆபீஸில் சாயம் வரும்வரை பொறுக்காமல், பாஸ்கரன் கிணற்றில் போடும் பர்மாங்கனேட்டைக் கொண்டுவந்து சாக்கடையில் கரைத்துவிட்டான். மறுநாள் காலையில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து சிவந்த தண்ணீர் டம்ளரோடு ஓடி வந்தான். “கண்டு மேடம், கண்டு.” மேடம் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். அது அந்த வீட்டுப் பதிமுகத் தண்ணீர். அந்தச் சந்தில் எந்தச் சமையலறைக்குப் போனாலும் ஒரு பானை சிவப்புத் தண்ணீர் இருக்கும். இந்த ஊரில் சிவப்பைக் கண்டால் அது கண்டதில் சேராது என்றார் மேடம். தவிர பர்மாங்கனேட்டு அழுக்கில் பட்டால் நிறம் செத்துவிடும். ஐஸ் பெட்டி என்ற பெயர் மாறி அவனுக்குப் ‘பதிமுகம்’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயரோடுதான் அவன் ரிட்டயர் ஆனான்.

பெரிய ஆபீஸிலிருந்து பச்சைச் சாயம் வந்தது. சாயங்காலம் வால்வை மூடும் முன், சாக்கடையில் கோடவுன் பக்கத்தில் மண் மூட்டை போட்டு அணை கட்டினோம். தேங்கிய கறுப்புத் தண்ணீரில் சாயத்தைக் கரைத்தோம். காலையில் யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். பிறகு வால்வை மூடினேன்.

விடிந்தபோது சந்து முழுக்கக் குழாயடியில் நின்றது. வெள்ளைப் பாத்திரம்தான் வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்ததால் சோறு சாப்பிடும் பீங்கான் தட்டோடு நின்றவர்களும் உண்டு. செல்லம்மா அக்கா கதவைத் திறந்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்தோடு தன் குழாயடியில் வந்து நின்றார். பாஸ்கரன் வால்வைத் திறந்தான். நான் வர்கீஸ் சேட்டன் வீட்டில் நின்றேன். அவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். காற்று சீறியது, குழாய் இருமியது, பிறகு கிண்ணத்தில் விழுந்த தண்ணீர் பச்சை. இளம் மாங்காய்த் தோல் நிறத்தில், வெயில் பட்டதும் மினுங்குகிற பச்சை. கொஞ்ச நேரத்தில் அக்கா வீட்டுப் பக்கமிருந்து பெண்களின் குரல் கேட்டது. அங்கேயும் பச்சை. எதிர்ப்பக்கத்தில் ஒரு தட்டில்கூட நிறம் இல்லை.

மேடம் குடையோடு வந்து நின்று என்னிடம் கேட்டார்: “மணி?”

“கண்டேன் மேடம்.”

நான் மட்டும் இல்லை. சந்தே கண்டது. அதற்குத்தான் மேடம் சாயத்தை ஆபீஸ் அறையில் வைத்துப் பார்க்காமல் எல்லோர் கையிலும் கிண்ணம் கொடுத்தார் என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

அன்றே கற்பலகையைப் பெயர்த்தோம். வலப்பக்க வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. கோடவுன் மூலையில் இணைப்பு துருப்பிடித்துச் சல்லடை ஆகியிருந்தது. என் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். குழாயைச் சாக்கடைக்கு மேலே சுவரோரமாக மாற்றிப் போட்டோம். அடுத்த விடியலில் முதல் தண்ணீர் வலப்பக்கத்திலும் மஞ்சளானது.

வேலை முடிந்து கையைக் கழுவும்போது வர்கீஸ் சேட்டன் பக்கத்தில் வந்தார். என் மகளுக்கு நோய் வந்தது இந்தத் தண்ணீரால்தானா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் அவர் மனம் ஆறும். நான் குழாயைப் பார்த்தேன்.

“சாக்கடை இந்தக் குழாயில வந்தது நாம கண்டது சேட்டா. மோளுக்கு இதனாலதான்னு எனக்குத் தோணுது. அதைக் கண்டவங்க யாரும் இல்ல.”

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. நேராக நடந்துபோய், தெருவோரம் மழையில் நனைந்து கிடந்த பெஞ்சைத் தலையில் தூக்கினார். சுமை தூக்குகிறவருக்கு அது ஒரு பாரமா. அக்கா கடை வாசலில் இறக்கி, தன் தோர்த்துத் துண்டால் துடைத்து, அதில் முதல் ஆளாக உட்கார்ந்தார். கதவு திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவருடைய மகள் சில வாரங்களில் குழந்தையோடு வீடு வந்தாள்.

அக்கா எனக்குச் சாயா கொடுக்கக் கொஞ்சநாள் ஆயிற்று. மற்றவர்களுக்குக் கொடுப்பார். என் முறை வரும்போது மட்டும் பால் தீர்ந்துவிடும். நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவேன். ஒரு நாள் பாஸ்கரனால் தாங்க முடியவில்லை. சேச்சி, அவன் அன்று உண்மையைச் சொன்னதால்தானே எல்லாம் வெளியே வந்தது என்று வக்காலத்து வாங்கினான்.

“அது எனக்குத் தெரியும்டா பதிமுகம்,” என்றார் அக்கா. “தெரிஞ்சாலும் கோவம் வரக்கூடாதா?”

பிறகு என்னைப் பார்த்து, இங்கே வா என்றார். அடுப்பின் பக்கத்தில் நிறுத்தினார். பாத்திரத்தில் தண்ணீர் குமிழி விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

“கொதிக்குதா? கண்ணால பாத்துக்க. அக்கா சொன்னான்னு குடிக்காத.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பார்த்தேன், கொதித்தது, குடித்தேன். டம்ளர்களை இப்போது அவர் வெந்நீரில் கழுவுகிறார். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

புதிதாக வந்தவர்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றால் விட வேண்டாம். கண்டிருந்தால் கண்டது என்று எழுதுங்கள். தோணினால் தோணுகிறது என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்றால், எந்த இடத்தில் எந்த நேரத்தில் பார்த்தீர்கள், என்ன காணவில்லை என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் அதற்கு இடம் போதும், நான் அளந்து பார்த்தேன். மேலே இருக்கிறவர்கள் ஏற்பார்கள் என்று எனக்குத் தோணுகிறது.

இன்று காலையிலும் அக்கா கடைக்குப் போனேன். இத்தனை வருஷம் ஆகியும் அடுப்படிக்குக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் டம்ளரை நீட்டுகிறார். எழுதி முடித்துவிட்டேன் அக்கா, கீழே தேதி போட வேண்டும், இன்று என்ன தேதி என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கரண்டியால் காட்டினார்.

2008 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. கண்டது.